கணக்கில் கரையேறிய இன்னாசி

காற்றுக்கணியின் கணக்கில், மீன்பிடிக்கப் போன இன்னாசி அன்று மாலை ஐந்தே முக்காலுக்குக் கரையேறிவிட்டார். கடலில் நடந்தது வேறு. மூன்றாம் நாள் வள்ளத்தின் பலகைகள் மட்டும் ஒதுங்கின.

காற்றுக்கணி லேசுப்பட்ட இயந்திரமல்ல. பூமியின் காற்று முழுவதையும் முழ அகலக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் வெப்பம், ஈரம், வேகம் என்று நொடிக்கு நொடி கணக்குப் போட்டு, மிச்சத்தைப் பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளிவிடும். மனிதர் விடும் மூச்சுக்கும் அதில் கணக்குண்டு. யாராவது தும்மினால் அதுவும் ஏறும். இவ்வளவு பெரிய கணக்கு கட்டுமீறி வெடித்துவிடாமல் இருக்க ஒரு விதி வைத்திருந்தார்கள். கணிப்போடு ஒட்டாத அளவு எங்கிருந்து வந்தாலும் அது பிழை. அதைத் தள்ளிவிட்டுச் சுற்றியுள்ள கட்டங்களின் சராசரியைப் போட வேண்டும்.

கடற்கரை நிலையத்தில் அப்படித் தள்ளும் வேலை இன்னாசியின் மனைவி மெடில்டாவுக்கு. அன்று பிற்பகல் இன்னாசியின் வள்ளத்துக் காற்றுமானி சூறாவளி வேகம் காட்டியது. கணிப்பு சொன்னதோ இளங்காற்று.

"உப்பு அரிக்கி, துடைச்சு வையிங்கன்னு ஒரு வாரமா சொல்லுதேன். கேட்டாத்தான!" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் அந்த அளவைத் தள்ளினாள். ஏற்றியிருந்தால் மீட்புப் படகு போயிருக்கும். சராசரிதான் ஏறியது.

அடக்கப் பூசைக்குப் பங்குச்சாமியார் இறப்புச் சான்று கேட்டார். சான்று கொடுப்பவர்கள் காற்றுக்கணியைக் கேட்டார்கள். இன்னாசி வீட்டில் இரண்டு பேர் மூச்சு விடுவதாக அது சொன்னது. மெடில்டா மனு எழுதினாள். மனுவுக்குப் பதிலாக நிலையத்துப் பொறியாளர் கஸ்பார் ஆளுயரப் பெட்டியொன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

"என்னல இது?"

"இன்னாசி அண்ணன் இடத்துக்கு, யக்கா. நூறு வாட் சூடு, நிமிசத்துக்குப் பதினாறு மூச்சு. ஒரு மூச்சு குறையுததுல எங்கெங்கயோ மழை மாறிப் பெய்யுது. கணிய நிறுத்தித் திருத்தினா நாப்பது நாள் உலகத்துக்கே கண்ணு தெரியாது. உலகத்தத் திருத்துறது சுளுவு."

"அவுக செத்துட்டாகன்னு எழுதிப் போட வேண்டியதுதான?"

கஸ்பார் தரையைப் பார்த்தான். "போட்டேன், யக்கா. கணி தள்ளிட்டு. அக்கம்பக்கத்து வீட்டுலயெல்லாம் ஆளு உசிரோட இருக்காவளாம். சராசரியப் போட்டுட்டு."

பெட்டியைக் கட்டிலின் இடப்பக்கம் வைத்தார்கள். உலகத்தில் மழை ஒழுங்குக்கு வந்தது. மெடில்டாவுக்குத்தான் அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. எட்டு நாள் பொறுத்தாள். ஒன்பதாம் நாள் வேலையை விட்டுவிட்டு தன் அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறினாள். கஸ்பார் சளைக்கவில்லை, அவள் இடத்துக்கும் ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தான். அவள் இல்லாமலே குடித்தனம் நடந்தது. அவளிடமிருந்து வாரத்துக்கொரு இறப்பு மனு மட்டும் தவறாமல் வந்தது.

பதினோராம் மாதம் கஸ்பாரே போன் செய்தான்.

"யக்கா, வீட்டுச் சாவி வேணும். இன்னொண்ணு வைக்கணும்."

"இன்னும் யாருக்குல?"

"சின்னது. மூணு கிலோ. நிமிசத்துக்கு நாப்பது மூச்சு." "உங்க வயசுத் தம்பதிக்கு இந்த மாசம் பொறக்கும்னு கணி போட்டிருக்கு. எங்கிட்டச் சண்டைக்கு வராதீய."

மெடில்டா சண்டைக்குப் போகவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

சின்னப் பெட்டி இளஞ்சூடாக இருந்தது. அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். கஸ்பார் கையிலிருந்த மானியைப் பார்த்துப் பதறினான்.

"என்னைய விட்டுட்டே நாலு மூச்சு ஆகுது, யக்கா! மூணுக்கு மேல கூடாது. நீங்க கெளம்பணும்."

சின்னதைக் கட்டிலில் கிடத்திவிட்டு அவள் எழுந்தாள். தன் பெட்டியின் விசையை அணைத்தாள். அதை வாசல் வரை தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டாள். திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"இப்பச் சரியா?"

"சரிதான். அந்த இறப்பு மனு?"

"கிழிச்சிரு."

அவன் கருவிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வாசற்படியில் தயங்கி நின்றான்.

"அழுதா மூச்சு கூடிரும், யக்கா. பதினாறுதான்."

மெடில்டா தலையாட்டினாள். மூச்சை எண்ணத் தொடங்கினாள்.