ஆயுள் பகுப்பாய்வுக்கு ஆறாவது ஆள்

"கொஞ்சம் எழுந்திருக்கறீங்களா... அது என் இடம்!"

குன்றின் மேலிருக்கும் புள்ளியியல் துறைக்கு மழையோடு மழையாக ஓடிவந்து, மூச்சு வாங்க நின்ற நெரிஸ் சொன்ன முதல் வார்த்தைகள் இவைதான். நல்ல வார்த்தைகள் இல்லை. ஆனால் வேல்ஸ் நாட்டுக் கடலோர ஊரான அபெரிஸ்ட்வித்தின் மழையில் நனைந்தவளிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்கக் கூடாது. அங்கே மழை மேலிருந்து மட்டும் பெய்யாது. கடலிலிருந்து படுக்கை வாட்டிலும் வரும்.

பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் டாக்டர் மெரரிட்டின் அறை வாசலில் இருந்த ஒரே நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். கையில் பாதி கடித்த திராட்சைக் கேக். முழங்காலில் மீதிப் பொட்டலம்.

"நாற்காலியில பேரு எழுதியிருக்கா?" என்றான் நிதானமாக.

"கதவுல எழுதியிருக்கு. ரெண்டரை மணி, நெரிஸ் ப்ரைஸ்."

"ரெண்டரை மணி, எமிர் பாரின்னும் எழுதியிருக்கே... உங்க கண்ணாடி பூரா மழைத்தண்ணி. துடைச்சுட்டுப் பாருங்க."

துடைத்துவிட்டுப் பார்த்தாள். அடச்சே... ஒரே நேரத்துக்கு ரெண்டு பெயர்! திரும்பினாள். இப்போதுதான் அவன் முகம் தெளிவாகத் தெரிந்தது. ஈரமான சிலேட்டுக் கல்லின் நிறத்தில் கண்கள்... சாம்பலா, நீலமா? இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். சட்டென்று பார்வையை விலக்கிக்கொண்டாள்.

"கேக் வேணுமா?" என்றான் அவன். "கோபத்துக்கு நல்லது."

"எனக்குக் கோபமே இல்ல."

"அப்ப குளிருக்கு நல்லது."

எடுத்துக்கொண்டாள். பசி... வேறென்ன!

கதவு திறந்தது. டாக்டர் மெரரிட் எட்டிப் பார்த்தார். நரைத்த முடியில் பென்சில் செருகியிருந்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே நேரம் கொடுத்துட்டேனா? சரி, ரெண்டு பேருமே இரட்டை ஆனர்ஸ்தானே, உள்ள வாங்க. புலம்பல் ஒண்ணாத்தான் இருக்கும்."

இரட்டை ஆனர்ஸ் படிப்பவர்களின் புலம்பல் எல்லாக் கல்லூரியிலும் ஒன்றுதான். நெரிஸுக்குப் பாதிப் படிப்பு உயிரியல், பாதி புள்ளியியல். உயிரியல் துறையில் அவளை 'கணக்குப் பொண்ணு' என்பார்கள். புள்ளியியல் துறையில் 'தவளை அறுக்கற பொண்ணு' என்பார்கள். ஒற்றைப் பட்டம் படிப்பவன் தட்டு நிறையப் பாடம் எடுக்கலாம். இவர்களுக்கு ஒவ்வொரு பருவத்திலும் புள்ளியியலில் ரெண்டே ரெண்டு. அதையும் கடைசி வருஷத்துக்கு இந்த வாரமே சொல்லிவிட வேண்டும்.

"எனக்கு ஆயுள் பகுப்பாய்வு," என்றாள் நெரிஸ், உட்காரும் முன்பே.

டாக்டர் பென்சிலை உருவி மேசையில் தட்டினார். "அதுலதாம்மா சிக்கல். இதுவரைக்கும் அஞ்சு பேர்தான். ஆறு பேராவது சேரலைன்னா துறை அதை நடத்தாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பார்ப்போம்."

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"எமிர், உனக்குக் காலத்தொடர்ப் பாடம்தானே?"

"ஆமா டாக்டர். கார்டிஃப்ல மாமா ஒரு வேலை பேசி வெச்சிருக்கார். அவங்க அதைத்தான் கேக்கறாங்க." கொஞ்சம் தயங்கினான். "ஆயுள் பகுப்பாய்வுன்னா என்ன?"

"அதுவும் செவ்வாய்க்கிழமை பத்து மணிதான். ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு கிடையாது," என்றார் டாக்டர்.

"எடுக்கறதுக்கு இல்ல... தெரிஞ்சுக்கலாமேன்னு."

'தெரிஞ்சுக்கலாமே' என்ற அந்த ஒரு வார்த்தை நெரிஸின் காதில் வித்தியாசமாக விழுந்தது. அவள் அறிந்த பையன்கள் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்வார்களே தவிர, கேட்க மாட்டார்கள்.

வெளியே வந்ததும் அவனே ஆரம்பித்தான். "நீங்களாவது சொல்லுங்களேன்."

"கேக் கடன் இருக்கு. ஒரு டீ வாங்கித் தந்தா சொல்றேன்."

"கடன்பட்டவங்களே டீயும் கேக்கறீங்களா!"

*

கடற்கரைச் சாலை ஓரத்து டீக்கடை. ஜன்னலுக்கு வெளியே அலை எழும்பி நடைபாதையில் விழுந்துகொண்டிருந்தது. உள்ளே நெரிஸ் சர்க்கரைப் பொட்டலங்களை மேசையில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் மனுஷங்கன்னு வெச்சுக்கோ." எப்போது 'நீ'க்கு மாறினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. "இவரு மூணு வருஷத்துல போயிட்டார். இவரு எட்டு. இந்த அம்மா இன்னும் நல்லா இருக்காங்க. இந்தாளு ஊரை விட்டே போயிட்டார், என்ன ஆனார்னு தெரியாது. இப்ப சராசரி ஆயுள் எவ்வளவுன்னு சொல்லு பாப்போம்?"

எமிர் கடைசி இரண்டு பொட்டலங்களையும் ஓரமாக ஒதுக்கினான். "முடிவு தெரியாதவங்களை விட்டுட வேண்டியதுதான்..."

"ஏய்! அவங்களை எப்படித் தூக்கிப் போடுவ?" அவள் குரலில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். "முடிவு தெரியாட்டி என்ன? அதுவரைக்கும் இருந்தாங்கல்ல? அந்த அளவுக்கு அவங்களைக் கணக்குல சேர்க்கணும். அதுக்குத்தான் இந்தப் பாடமே!"

அவன் கை பொட்டலங்களின் மேலேயே நின்றுவிட்டது. ஒதுக்கியவற்றை மெல்ல வரிசைக்கே திருப்பி வைத்தான்.

"நீ வரலாறும் புள்ளியியலும்னு சொன்னியே... அது ரெண்டும் எங்கே ஒட்டும்?" என்று அவளே பேச்சை மாற்றினாள்.

"பெத்தெஸ்டாவுல, எங்க ஊர்ல. சிலேட்டுக் குவாரியில வேலை செஞ்சவங்க எத்தனை வயசு வரைக்கும் இருந்தாங்கன்னு கண்டுபிடிக்கணும். லீவு விட்டா கல்லறைக் கல்லைப் படிச்சுட்டே திரிவேன். அம்மா, இவனுக்கு எவ பொண்ணு கொடுப்பாம்பாங்க."

நெரிஸ் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியபோது அவன் கேட்டான்.

"உனக்கு ஏன் இந்தப் பாடம்?"

யாரிடமும் சொல்லாததை ஏன் இவனிடம் சொன்னாளோ... "எங்க அக்கா க்வெனோவுக்கு மாற்றுச் சிறுநீரகம். நான் அப்ப ஸ்கூல். சராசரியா பன்னெண்டு வருஷம் ஓடும்னு டாக்டர் சொன்னார். சராசரின்னா யாரு யாரைச் சேர்த்து, இன்னும் நல்லா இருக்கறவங்களை எப்படிச் சேர்த்தீங்கன்னு நான் விடாம கேட்டேன். போய்ப் புள்ளியியல் படின்னு சிரிச்சார். வந்துட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. 'ஐயோ பாவம்' என்றும் சொல்லவில்லை. "அக்கா இப்ப எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டான்.

"பாலாங்கற ஊர்ல, ஏரியில படகு விட்டுக்கிட்டு, என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டு... ஜோரா இருக்கா."

அன்றைக்குக் கடற்கரைச் சாலையின் கோடி வரை இருவரும் நடந்தார்கள். அங்கே இருக்கும் கம்பியை ஷூவால் ஒரு தட்டுத் தட்டினார்கள். ஊர் வழக்கம், எல்லோரும் செய்வதுதான். அவன் தட்டிவிட்டு அவளைப் பார்த்த பார்வைதான்... அறைக்கு வந்த பிறகும் அவளை விடவில்லை.

*

மறுநாள் காலை, பாடம் தேர்ந்தெடுக்கும் இணையப் பக்கத்தைத் திறந்தவள் திகைத்தாள். ஆயுள் பகுப்பாய்வு... ஆறு பேர்!

துள்ளிக் குதித்த மனசு அடுத்த நொடியே நின்றது. யார் அந்த ஆறாவது ஆள்? அவள் நினைத்தபடியேதான் இருந்தது. நூலகப் படியில் பிடித்துக் கேட்டதும் எமிர் கூச்சத்தோடு தலையாட்டினான்.

"நான்தான். ஆச்சரியமா இருக்கட்டும்னு..."

"ஏன்?" என்று கேட்டிருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். ஆனால் நெரிஸுக்கு முகம் சிவந்துவிட்டது. அக்காவின் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்று, 'ஐயோ பாவம்' என்று தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தவர்களெல்லாம் ஞாபகம் வந்தார்கள்.

"நான் உங்ககிட்டக் கேட்டேனா?"

அந்த 'உங்க'வில் அவன் முகம் மாறியது.

"எங்க அக்கா கதையைக் கேட்டுட்டு, பாவம்னு மனசு இளகிட்டீங்களோ? வேலை கிடைக்கிற பாடத்தை எனக்காக விட்டுட்டு, நாளைக்கு என்னாலதான் போச்சுன்னு சொல்லவா? எனக்கு யாரோட பரிதாபமும் வேணாம் மிஸ்டர் பாரி. பேரை எடுத்துடுங்க."

"நெரிஸ், நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"எடுத்துடுங்க!"

அவனுக்கும் ரோஷம் இருக்காதா? "சரிங்க. எடுத்துடறேன்," என்றான். படியிறங்கிப் போய்விட்டான்.

சாயங்காலம் பார்த்தாள். ஐந்து பேர். அவள் கேட்டதுதான் நடந்திருக்கிறது... பிறகு ஏன் திரும்பத் திரும்ப அந்தப் பக்கத்தையே திறந்து பார்க்கிறாள்?

வெள்ளிக்கிழமை காலை அக்கா போன் செய்தாள். அழாமல் சொல்ல முயன்று, பாதிவழியில் தோற்று, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள் நெரிஸ்.

"அடி லூசு!" என்றாள் க்வெனோ. "என்னை வெச்சு ஒரு பையனை விரட்டியிருக்க! நான் உன்கிட்ட அப்படிக் கேட்டேனா?"

"இல்ல... ஆனா பரிதாபம்..."

"பரிதாபம்னு அவன் சொன்னானா?"

"இல்ல."

"பொறந்ததுலேருந்து ஏன் ஏன்னு கேட்டு எங்க உயிரை எடுத்தவ நீ. ஆஸ்பத்திரியில அந்த டாக்டர் உன்னைக் கண்டா ஓடுவார். இவன்கிட்ட ஒரே ஒரு தடவை கேக்க வாய் வரலையா? போனை வை. போய்க் கேளு!"

*

நூலகத்தில் இல்லை. டீக்கடையில் இல்லை. மழை மறுபடி பிடித்துக்கொண்டது. குன்றுச் சாலையில் ஏறி ஓடியவள், மேலிருந்து குனிந்தபடி வேகமாக இறங்கி வந்த ஒருவன் மீது மோதாத குறையாக நின்றாள்.

எமிர்! முடியெல்லாம் நெற்றியில் ஒட்டியிருந்தது.

"உன்னைத்தான் தேடினேன்," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"நீ சொல்லு."

"இல்ல, நீ."

நெரிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் எமிர்? ஏன் உன் பேரைப் போட்ட? நான் அன்னிக்கே கேட்டிருக்கணும்."

அவன் நனைந்த முகத்தை உள்ளங்கையால் வழித்தான். "எங்க தாத்தாவோட அப்பாவுக்கு ஒரு அண்ணன், டெக்வின். குவாரியில வேலைநிறுத்தம் வந்தப்போ அமெரிக்காவுக்கு, பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறிட்டார். ரெண்டு கடிதாசு வந்துச்சாம், அப்புறம் ஒண்ணுமே இல்ல. எங்க ஊர்லேருந்து அந்த மாதிரி எத்தனையோ பேரு... நான் போன வருஷம் எழுதின கட்டுரையில அவங்க யாருமே இல்ல நெரிஸ். கல்லறை இல்லாதவங்களை விட்டுட்டேன். நீ டீக்கடையில கத்தினியே, 'அதுவரைக்கும் இருந்தாங்கல்ல'ன்னு... எனக்கு அப்படியே முதுகுத்தண்டு சில்லுன்னு ஆயிடுச்சு. எங்க ஆளுங்களையே நான் தூக்கிப் போட்டுட்டேனே! அதைச் சரியா செய்யக் கத்துக்கணும். அதுக்குத்தான்."

நெரிஸ் அவன் கண்களை நேராகப் பார்த்தாள். மழைத்துளி அவன் இமையில் தொங்கி நின்றது... சாம்பல்தான். ஓரத்தில் மட்டும் நீலம்.

"அப்ப நான் எடுத்துடுன்னா உடனே எடுத்துடறதா?"

"நீ 'மிஸ்டர் பாரி'ன்ன... தாங்க முடியல."

"தப்புதான். என் தப்புதான்." குரல் உடைந்தது. "கார்டிஃப் வேலை?"

"நேத்து மாமாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். கல்லறையை எண்ணியே பட்டினி கிட, போன்னு வெச்சுட்டார். இப்ப டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். பன்னெண்டு மணி வரைக்கும் பேரைச் சேர்க்கலாமாம். அதுக்கு முன்னாடி உன்கிட்டச் சொல்லணும்னுதான் ஓடி வந்தேன். நீ வேணாம்னாலும் சேர்றதாத்தான் இருந்தேன். கடைசி பெஞ்சுல உட்காந்துப்பேன், உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன்னு..."

"மணி என்ன இப்ப?"

பார்த்தான். அலறினான்.

பஸ் நிறுத்தக் கூரைக்கு ஓடினார்கள். அவன் போனை எடுத்தால்... ஈரத் திரை விரலைக் கேட்கவே இல்லை! ஆயுள் பகுப்பாய்வை அழுத்தினால் மத்தியகால விவசாய வரலாறு திறந்தது. "ஐயோ, இங்க கொடு!" அவள் கோட்டுக்குள்ளிருந்து கழுத்துத் துணியை உருவித் திரையைத் துடைத்தாள், அவன் விரலைத் துடைத்தாள், தன் விரலையும் துடைத்தாள். நான்கு கைகளும் ஒரே போனைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"அழுத்து!"

அழுத்தினான். வட்டம் சுற்றியது... சுற்றியது... ஆறு பேர்.

இருவரும் கத்திய கத்தலில் பஸ்ஸுக்கு நின்ற பெரியவர் ஒருவர் குடையைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு, "வாழ்த்துகள்" என்றார். எதற்கென்று அவர் கேட்கவில்லை. கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் விரல் அவன் கையிலிருந்து இன்னும் வரவில்லை. இழுத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

"ஈஸ்டர் லீவுக்குப் பெத்தெஸ்டா வர்றியா?" என்றான் மெதுவாக. "அந்தக் கல்லறைத் தோட்டத்தை உனக்குக் காட்டணும்..."

"முதல் தடவை ஒரு பொண்ணை வெளியே கூப்பிடறவன், கல்லறைக்கா கூப்பிடுவான்?"

"பக்கத்துல நல்ல சிப்ஸ் கடையும் இருக்கு."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. காது மடல்கள் சிவந்திருந்தன.

"நெரிஸ்... கட்டுரைன்னு சொன்னது முழுசா நிஜம். சத்தியமா. ஆனா அது மட்டும் இல்ல." எச்சில் விழுங்கினான். "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நீ ஒரு அறையில உட்காந்து யாரையோ கேள்வி கேட்டுக் குடைஞ்சுட்டு இருப்ப. அந்த நேரத்துல நான் வேற அறையில இருக்கணுமேன்னு நினைச்சா... முடியல. உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

பஸ் வந்து நின்றது. பெரியவர் ஏறிக்கொண்டார். ஓட்டுநர் இவர்களைப் பார்த்தார். ஏறப்போவதில்லை என்று புரிந்துகொண்டு கதவை மூடிக் கிளம்பினார்.

நெரிஸ் ஈரத்துணியை எடுத்து அவன் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள்.

"கடைசி பெஞ்சுல எல்லாம் உட்கார வேணாம், எமிர். என் பக்கத்துல உட்காரு. எனக்கும்தான்... உன்னைப் பிடிச்சிருக்கு."