இரண்டு பக்கமும் ஒட்டும்

சாவிக்கொக்கி மூன்றாவது முறையாக விழுந்தபோதுதான் மோகன்குமார் அதைத் திருப்பிப் பார்த்தான். காலையில் அவன் ஒட்டிய டேப் கொக்கியின் முதுகில் அப்படியே இருந்தது. சுவரிலிருந்து மட்டும் விட்டிருந்தது. பசையின்மேல் தூசி இல்லை, பெயிண்ட் செதில் இல்லை. நடுவில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது, யாரோ அவசரமில்லாமல் விரலை வைத்து, அவசரமில்லாமல் எடுத்ததுபோல் வளையம் வளையமாக.

தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். ஆனால் சிவப்பு மேல்தாளை நகத்தால் கிள்ளி உரித்த கையோடு சுவரில் அழுத்தியது நன்றாக நினைவிருந்தது. பசையை அவன் தொடவே இல்லை.

"பேசாம டேப்புக்கடை வெச்சரலாமுங்க," என்றாள் புவனா, ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டே. "இந்த ஊட்டுல எதத் தொட்டாலும் டேப்பு. நாளைக்கு என்னையும் ஒட்டிப்போடுவீங்க."

"ஆணி அடிக்கறதுக்கு அழகிரிசாமி உடோணுமல்லோ."

அழகிரிசாமி கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரர். புதுப் பெயிண்ட் அடித்துச் சாவியைக் கொடுத்தபோதே சொல்லிவிட்டார்: "என்ன வேணாப் பண்ணிக்கங்க தம்பி, செவுத்துல ஆணி மட்டும் ஆகாது. எம் முதுகுல அடிச்சாப்பல இருக்கும்." அதனால் கண்ணாடி, காலண்டர், குளியலறைச் சோப்புப்பெட்டி, வைஃபை டப்பா எல்லாமே இந்த இரண்டு பக்கமும் ஒட்டும் பஞ்சு டேப்பில்தான் தொங்கின. இன்றைக்கு முன்னால் மூன்று மாதமாக எதுவும் விழுந்ததில்லை.

"அக்கா போட்டோவ மாட்டீட்டீங்களா?" என்றாள் புவனா வாசலில் நின்று. "ரித்திகா உள்ள வந்ததும் அவ அம்மாளத்தான் தேடுவா. அட்டைப்பொட்டிக்குள்ள கெடக்குதுன்னா என்ன நெனைப்பா?"

"மாட்டறேன். நீ கெளம்பு, பஸ்ஸு வந்துரும்."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மழை வருவதற்கு முன்னால் வருகிற மஞ்சள் வெளிச்சம் கூடத்துத் தரையில் படுத்திருந்தது. எங்கோ ஒரு குக்கர் விசிலடித்து நின்றது. அதற்குப் பிறகு வந்த அமைதியில்தான் அந்தச் சத்தம் கேட்டது. மெல்லிய, நீண்ட, ஈரமான உரியும் சத்தம். வெந்த முட்டையின் தோலை யாரோ பொறுமையாக எடுப்பதுபோல. படுக்கையறைப் பக்கமிருந்து வந்தது. அவன் எட்டிப் பார்த்தபோது நின்றுவிட்டது.

போன் அடித்தது. ரித்திகா.

"மாமா, அவிநாசி தாண்டிட்டமுங்க."

"வா கண்ணு. அத்தை காந்திபுரத்துக்குக் கெளம்பீட்டா."

"அந்த உயில எடுத்து வெச்சிருங்க மாமா. சண்டைக்கெல்லாம் இல்லீங்க. அம்மா கடைசியா வெச்ச கைநாட்ட ஒருக்கா பாக்கோணும், அவ்வளவுதான். எனக்குன்னு சொல்லிட்டே இருந்த நெலத்த உங்களுக்கு எழுதுனாங்கன்னா, அவிங்க மனசுல என்ன இருந்துச்சோ. அந்த வெரலப் பாத்துட்டா எனக்கு ஆறிரும்."

"அதுக்கென்ன சாமி. வந்து பாரு."

அவள் வைத்தபின்னும் போனைக் காதிலேயே வைத்திருந்தான்.

வெள்ளகோவிலில் கிணற்றோடு மூன்று ஏக்கர். தாலி அறுத்து, ஒரு பெண்குழந்தையோடு திரும்பி வந்த மகள் பழனாத்தாளுக்கு அப்பா எழுதிவைத்தது. மோகன்குமாரின் கல்யாணத்தில் அவனோடு இணைச்சீருக்கு நின்றவள் அவள்தான். கூறைச்சேலையின் ஒரு தலைப்பு அவன் கையில், மறு தலைப்பு அவள் கையில். கூடப்பிறந்தவளை எந்நாளும் கைவிடுவதில்லை என்பதற்கான சீர் அது. கால்வலியோடு கடைசிவரை நின்றாள். "நெலம் ரித்திகாளுக்குடா தம்பி" என்று அவன் கேட்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவன் உயிலை டைப் அடித்து, சாட்சிக்கு நண்பன் ரங்கராஜையும் இன்னொருவனையும் சரிக்கட்டி வைத்திருந்தான். எப்படியாவது பேசி வாங்கிவிடலாம் என்றிருந்தான். அதற்குள் வாதம் வந்து, ஒரே வாரத்தில் போய்விட்டாள்.

அவன் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். கருப்பாத்தாள் என்ற கிழவி, இரண்டு கால் கட்டைவிரல்களையும் இரண்டு கைப் பெருவிரல்களையும் வெள்ளைத் துணியால் முறைப்படி கட்டியிருந்தாள். "எங்கக்காகிட்டத் தனியா அழுகோணும், பத்து நிமிசம் வெளிய இருங்க" என்றான். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

முடிச்சு அவிழவில்லை. கத்தரியால் வெட்டினான். விரல் வளையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து மையில் அமுக்கி உயில் தாளில் அமுக்கினான். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தும் நகக்கண்ணில் நீலம் நின்றது. வெட்டிய துணி மறுபடி கட்டக் குட்டையாகிவிட்டது. கதவுக்கு வெளியே கருப்பாத்தாள் இருமினாள். காரில் போன் ஸ்டாண்டு ஒட்டுவதற்கு வாங்கிய டேப் அவன் சட்டைப்பையில் இருந்தது. ஒரு துண்டு வெட்டி இரண்டு பெருவிரல்களுக்கும் நடுவே வைத்து அழுத்தினான். மேலே துணியைச் சுற்றி, அதன்மேல் மாலையை இழுத்துவிட்டான். நன்றாகப் பிடித்துக்கொண்டது. அப்படியே தோட்டத்து மண்ணில் இறக்கினார்கள்.

படுக்கையறையில் ஏதோ விழுந்தது. காலண்டர்.

புது டேப் சுருளைப் பிரித்தான். அக்கா படத்தின் முதுகில் நான்கு மூலையிலும் நான்கு துண்டு ஒட்டினான். அட்டைப்பெட்டியிலிருந்து வந்த படமானாலும் அதில் ஈரமண் வாசனை அடித்தது, கூடவே காறிய தேங்காயெண்ணெய். முதல் துண்டின் மேல்தாளை உரித்தான்.

ரேகை.

இரண்டாவது. ரேகை. மூன்றாவதை உரிக்கக் கை வரவில்லை. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே படத்தைச் சாய்த்தான். வளையங்களின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு ஓடியது. சோளத்தட்டு அறுக்கும்போது அரிவாள் பட்ட தழும்பு. அந்த ரத்தத்தைத் தன் சட்டையால் கட்டியவன் அவன்தான், பத்து வயதில்.

படத்தைச் சுவரில் வைத்து அமுக்கினான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டு முப்பதுவரை எண்ணினான். கையை எடுத்ததும் படம் சத்தமில்லாமல் நழுவிச் சோபாவில் விழுந்தது. ஒரு துண்டு டேப் மட்டும் சுவரிலேயே தங்கிவிட்டது. வெள்ளைச் சுவரில், அவன் மார்பு உயரத்தில், அந்தப் பெருவிரல்.

உயில்.

பீரோவைத் திறந்து கவரை உருவினான். எழுத்து எல்லாம் இருந்தது. சாட்சிகள் இருந்தார்கள். 'மேற்படி பழனாத்தாள் இடது பெருவிரல் ரேகை' என்ற வரி இருந்தது. அதற்கு மேலே, ரேகைக்கான கட்டத்தில் ஒன்றுமில்லை. எண்ணெய் ஊறிய ஒரு சின்ன வட்டம் மட்டும். கட்டத்துக்குள் விரல் வைத்தான். தாள் ஜில்லென்றிருந்தது.

குளியலறையில் சோப்புப்பெட்டி விழுந்து உடைந்தது. உள்ளறையில் வைஃபை டப்பா வயரோடு விழுந்து தரையில் தட்டியது. வீடு முழுவதும் அந்த உரியும் சத்தம். இங்கே ஒன்று, அங்கே ஒன்று. எல்லாவற்றையும் யாரோ விட்டுக்கொண்டிருந்தார்கள்.

வந்து பாரு என்று சொல்லியாகிவிட்டது. இன்னும் அரை மணி நேரம் இருந்தால் அதிகம். வெறும் தாளைக் காட்டினால் உயில் போச்சு, நிலம் போச்சு, ஊரில் தலை காட்ட முடியாது. ரங்கராஜ் வாயைத் திறந்தால் ஜெயில்.

சுவரைப் பார்த்தான். அங்கேதான் இருந்தது, சுத்தமாக, தழும்போடு.

பயத்துக்குள்ளிருந்து ஒரு யோசனை வந்தது. அது வந்ததும் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஸ்டாம்ப் பேடை எடுத்து வந்தான். சுவரில் இருந்த துண்டின்மேல் மையை ஒற்றினான். வளையங்கள் நீலமாக எழுந்தன. தாளில் கட்டத்தைக் குறிபார்த்து வைத்தான்.

"ஒரே ஒரு தடவ, அக்கா," என்றான். "இதோட சரி."

தாளின் முதுகில் தன் பெருவிரலை வைத்து அழுத்தினான்.

தாளுக்கு அப்பாலிருந்து அது திருப்பி அழுத்தியது.

கையை இழுத்தான். வரவில்லை. தாள் இருவருக்கும் நடுவே எண்ணெயில் ஊறிப் பஞ்சாகிக் கரைந்தது. எழுத்து கரைந்தது. சாட்சிகள் கரைந்தார்கள். இப்போது தோலோடு தோல். இடது கையைச் சுவரில் ஊன்றித் தள்ளினான். அதுவும் ஒட்டியது. உள்ளங்கை முழுக்க. சுவர் சுவராக இல்லை. குளிர்ந்து, லேசாக அமுங்கி, ரேகை ரேகையாக.

கத்த வாயைத் திறந்தான். உதடு பிரியவில்லை. நடுவில் ஏதோ பஞ்சுபோல.

மண் வாசனை.

மழை பெய்ய ஆரம்பித்தது. நேரம் போனது. எவ்வளவு என்று தெரியவில்லை. கீழே ஸ்கூட்டர் நின்றது. படியில் இரண்டு ஜோடிச் செருப்பு. புவனா ஏதோ சொல்ல, ரித்திகா சிரித்தாள். அக்காவின் சிரிப்பு.

கதவு திறந்தது.

"ஏனுங்க, இருட்டுக்குள்ள அங்க என்ன பண்றீங்க?" லைட் எரிந்தது. "ஐயோ, கை மாட்டிக்கிச்சா? அந்த எழவு டேப்ப உடுங்கன்னா கேக்கறீங்களா. ரித்திகா, இங்க வா கண்ணு, மாமன இப்பிடிப் புடி."

வேண்டாம். தலையை ஆட்டினான். மூக்கிலிருந்து மட்டும் சத்தம் வந்தது.

"பயப்படாதீங்க மாமா," என்றாள் ரித்திகா. "மெதுவா இழுக்கறனுங்க."

இரண்டு பேரும் இழுத்தார்கள். வலது கை அசைந்தது. பெயிண்ட் வெடித்தது. அவன் விரல் சுவரை விட்டு வந்தது. ஓர் அங்குலம். இரண்டு. அவன் விரலோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. முதலில் நகம். நகக்கண்ணில் நீலம். பிறகு சாம்பல் நிறத்தில் மற்ற விரல்கள், பிறகு மண் அப்பிய மணிக்கட்டு.

புவனா பிடியை விட்டுவிட்டுக் கதவுவரை போனாள்.

ரித்திகா விடவில்லை. குனிந்து அந்தப் பெருவிரலைப் பார்த்தாள். குறுக்கே ஓடிய தழும்பைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மாமனின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள். அந்த மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"வாங்கம்மா," என்றாள். இழுத்தாள்.