பிறையின் நிறம்

பகல் 11.20. ஸ்கேன் மேசையிலேயே பெரியவரின் மூச்சு நின்றது. தலைப்படம் எடுத்து முடித்து, உதவியாள் நெற்றிப் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம். டாக்டர்கள் இருபது நிமிடம் மார்பை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்கள்.

12.05. இன்ஸ்பெக்டர் வந்தார். புகார் தயாராக இருந்தது. காலையில் வீட்டு வேலைக்காரி அப்பாவைப் பிடித்துத் தள்ளியதைக் கண்ணால் பார்த்ததாக ஒரே மகன் எழுதிக் கொடுத்திருந்தார். அவள் வராந்தா பெஞ்சில், மடியில் பெரியவரின் செருப்புகளோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெண் போலீஸ். இன்றே கொலை வழக்கு. ஜீப் வாசலில் நின்றது.

ஸ்கேன் எடுத்தவளை ஆஸ்பத்திரி முழுக்க 'ஸ்கேன் அக்கா' என்றுதான் கூப்பிடும். படம் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் நான்கு மணிக்குத்தான் வருவார். இன்ஸ்பெக்டருக்கு அதுவரை பொறுமை இல்லை. படத்தைத் தானே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"வலது நெத்தி வீங்கியிருக்கு. படத்துலயும் வலது பக்கம்தான் பிறை மாதிரி ஒரு பட்டை. ரத்தம்தானே?"

"ரத்தம்தான் சார்."

"அப்போ சரியாப் போச்சு."

"போகல. தலைப்படத்தைக் கால் பக்கமா நின்னு பாக்குற மாதிரிப் பாக்கணும். படத்துல வலதுன்னா ஆளுக்கு இடது."

இன்ஸ்பெக்டர் படத்தை இறக்கினார். ஒரு பக்கம் அடிபட்டு மறுபக்கம் ரத்தம் கட்டாதா என்று கேட்டார். கட்டும் என்று அக்கா ஒப்புக்கொண்டாள். அதனால்தான் பக்கத்தை மட்டும் நம்பக் கூடாது, நிறத்தையும் பார்க்க வேண்டும் என்றாள். இன்று கசிந்த ரத்தம் எலும்பை நெருங்கும் வெளுப்பாகத் தெரியும். நாள் ஆக ஆக மங்கி, மூளையின் சாம்பல் நிறத்தோடு கலந்து, பிறகு அதைவிடக் கறுக்கும். இந்தப் பிறை நன்றாகக் கறுத்திருந்தது. மூளையின் நடுக்கோட்டையே மறுபக்கம் தள்ளியிருந்தது. வெள்ளைத் திட்டு எங்குமே இல்லை.

"எத்தனை நாள் இருக்கும்?"

"மூணு நாலு வாரத்துக்குக் குறையாது."

12.40. இன்ஸ்பெக்டர் வேலைக்காரியை விசாரித்தார். அவள் வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான். வந்த நாள் முதலே ஐயா பகலெல்லாம் தூங்கி வழிந்ததாகவும், நடந்தால் வலது கால் செருப்பு மட்டும் கழன்று கழன்று விழுந்ததாகவும் சொன்னாள். இன்று அதை மாட்டிவிட அவள் குனிந்தபோதே, வலது நெற்றி தரையில் இடிக்கச் சரிந்துவிட்டார். இடது மூளையை அமுக்கினால் வலது கால்தான் தளரும் என்று அக்கா முனகினாள்.

அடுத்து மகன். கேள்விகள் சுருக்கமாக வந்தன.

"அவ வர்றதுக்கு முன்னாடி வீட்ல யாரு?"

"நானும் அப்பாவும் மட்டும்தான் சார்."

"அப்பா எங்கேயாவது விழுந்தாரா? இடிச்சுக்கிட்டாரா?"

"ஒரு கீறல்கூடக் கிடையாது. கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டேன்."

அக்கா மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். ஸ்கேனுக்கு முன் மகன் தன் கையால் நிரப்பிய படிவம். அடிபட்ட இடம் என்ற வரியில், 'இடது, காதுக்கு மேலே.'

"காலைல வீங்கினது வலது நெத்தி. ஊருக்கே தெரியுது. நீங்க மட்டும் ஏன் இடதுன்னு எழுதினீங்க?"

"எதிர்ல நின்னு பாத்ததுல மாறிப்போச்சும்மா."

"நெத்தி எப்படிக் காதுக்கு மேல போச்சு? அங்க தோல் சும்மா சுத்தமா இருக்கு. அங்க அடிபட்டது அடிச்சவனுக்குத்தான் தெரியும்."

அவர் தாளைக் கையில் வாங்கித் தான் எழுதியதைப் படித்தார். பிறகு, யாரும் கேட்காமலே, போன மாதம் படுக்கையை நனைத்துவிட்டு அப்பா சிரித்ததைச் சொன்னார். "சுவத்துல ஒரே ஒரு தடவைதான் சார் தள்ளினேன். ஸ்கேன்ல தெரியும்னு பயந்துதான் அந்தப் பொண்ணு மேல புகார் எழுதினேன். ஆனா எங்க வலிக்குதுன்னு டாக்டருக்குத் தெரியணுமேன்னு..." முடிக்கவில்லை.

1.15. ஜீப் மகனோடு போனது. வேலைக்காரி செருப்புகளை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பெஞ்சின் அடியில் சேர்த்து வைத்துவிட்டு நடந்தாள்.

படிவத்தை நகலெடுக்கும்போது அக்கா கவனித்தாள். 'இடது' என்ற சொல்லின் தலையில் ஒரு நீலப் புள்ளி. அவள் பேனாவுடையது. எதிரே நிற்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுதான் என்று நினைத்து, காலையில் அதை அடித்து 'வலது' என்று திருத்தப் போயிருந்தாள். அதற்குள் பெரியவரின் மூச்சு ஒருமாதிரி இழுத்தது. பேனாவை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருந்தாள்.