மூச்சு விடாத தெரு

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆகிவிட்டால் எங்கள் தெருவில் ஈ காக்காய்கூட இருக்காது. எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். ‘இந்த வாரப் பத்து’ வருகிற நேரம் அது.

மக்களுக்கு அந்த வாரம் அதிகம் பிடித்த பத்துப் பாட்டுகளை, பத்தாவது இடத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் போடுவார்கள். முதலிடம் கடைசியில்தான் வரும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வருகிற நிகழ்ச்சி. நடத்துகிற மாமாவும் அன்றிலிருந்து அதே ஆள்தான். நடுவில் அவருடைய தலைமுடி மெல்ல மெல்ல வெளுத்தது. பிறகு ஒரே வாரத்தில் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. அது எப்படி என்று கேட்டால் அம்மா பதில் சொல்லாமல் சிரிப்பார்.

முதலிடத்தைச் சொல்வதற்கு முன்னால் அந்த மாமா ஒரு நீளமான விளம்பரத்தைப் போட்டு எங்களைத் தவிக்கவிடுவார். அது முடிவதற்குள் நானும் அக்காவும் பந்தயம் கட்டுவோம். எப்போதும் அக்காதான் ஜெயிப்பாள். நான் எப்போதும் அவள் கள்ளாட்டம் ஆடுவதாகச் சண்டை போடுவேன். டிவியில் எப்படிக் கள்ளாட்டம் ஆட முடியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இதெல்லாம் அப்பாவுக்கு அடிபடுவதற்கு முன்னால்.

அப்பா லாரி ஓட்டுபவர். லாரியின் மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மாதக்கணக்கில் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா வீட்டிலேயே துணி தைக்கிறார். அந்த வருமானம் எந்த மூலைக்கு? பள்ளிப் படிப்பை முடித்திருந்த அக்கா, யாரும் சொல்லாமலே பிஸ்கட் கம்பெனியில் போய் வேலைக்குச் சேர்ந்தாள். பிஸ்கட்டை உடையாமல் டப்பாவில் அடுக்குகிற வேலை. சனிக்கிழமையும் உண்டு. அவள் வீடு திரும்புவதற்குள் நிகழ்ச்சி முடிந்திருக்கும்.

அவள் வேலைக்குப் போவதற்கு முந்தின சனிக்கிழமைதான் பத்தாவது இடத்தில் ஒரு புதுப் பாட்டு வந்தது. யாரும் கேள்விப்படாத பாடகி. ஓட்டைக்குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மழையில் நனைந்தபடியே பாடிக்கொண்டு நடப்பார். வீடியோவில் வேறு ஒன்றுமே கிடையாது.

“இது ஒருநாள் முதலிடத்துக்கு வரும், பாருங்க,” என்றாள் அக்கா.

அப்பா கட்டுப்போட்ட காலோடு விழுந்து விழுந்து சிரித்தார். ஒரு நல்ல குடைக்கே வழியில்லை, இதில் முதலிடம் வேறா என்று கேலி செய்தார்.

ஆனால் பாட்டு ஏறியது. ஒன்பது, எட்டு, ஆறு என்று அவசரமில்லாமல் ஏறியது. அதைப் பார்க்கத்தான் அக்காவுக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஒரே தடவைதான் போடுவார்கள், மறுபடி போடமாட்டார்கள். சரி, அக்கா வந்ததும் நான் பத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பாடி ஆடிக் காட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து அவள் நடந்து வருவதற்குள் தெருவே முதலிடத்தைப் பாடிக்கொண்டிருக்கும். சலூன்கார அண்ணன் கத்தரிக்கோலில் தாளம் போட்டுப் பாடுவார். பேக்கரி அத்தையின் ரேடியோவும் அதையே பாடும். எதிர்வீட்டில் ஒரு பையன் இருக்கிறான், ஒலிபெருக்கி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவன் ஓடிவந்தே சொல்லிவிடுவான்.

“விடுடி, எனக்குத் தெரியும்,” என்று சொல்லிக்கொண்டே அக்கா மாடிப்படி ஏறுவாள். எல்லாம் சப்பென்று ஆகிவிடும்.

போன வாரம் ஓட்டைக்குடைப் பாட்டு இரண்டாவது இடத்துக்கு வந்தது. இந்த வாரம் விளம்பரம் முடிந்தது. மாமா தொண்டையைக் கனைத்தார். திரையில் மழை பெய்தது.

முதலிடம்!

நானும் அம்மாவும் எழுந்து குதித்தோம். அப்பா குதிக்க முடியாததால் நாற்காலிக் கையைத் தட்டு தட்டென்று தட்டினார். அப்போது ஜன்னல் வழியாக சலூன்கார அண்ணனின் குரல் கேட்டது. அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

இது அக்கா கண்டுபிடித்த பாட்டு. அதைப் போயும் போயும் ஒலிபெருக்கி வாயால் அவள் கேட்க வேண்டுமா? இத்தனை மாதமும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே அவளால்தான். நான் போடுகிற புதுச் செருப்புகூட அவள் வாங்கித் தந்ததுதான். நன்றி என்று நேரில் சொன்னால், ‘போடி பெரிய மனுஷி’ என்று தலையில் குட்டுவாள். ஒரே ஒரு பாட்டையாவது அவளுக்காக நான் பத்திரமாக வைத்திருக்கக் கூடாதா?

பஸ்ஸைப் பற்றிக் கவலையில்லை. பாட்டுக் கேட்டால் தூக்கம் வருகிறது என்று அந்த ஓட்டுநர் எதையும் போடமாட்டார். ஆபத்தெல்லாம் எங்கள் தெருவில்தான். கீழே ஓடினேன்.

சலூனில் ஒருவர் முகம் முழுக்க சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் கையிலிருந்த கத்தியோடு யோசித்தார்.

“என் வாய் சும்மா இருக்காதேம்மா,” என்றார். பிறகு, “உங்க அக்கா தினமும் நான் கடை திறக்கறதுக்கு முன்னாடியே வேலைக்குக் கிளம்பிப் போறா. அவளுக்காக இதுகூடச் செய்யலைன்னா எப்படி? மூச்சு விடமாட்டேன்,” என்றார்.

சோப்பு மாமாவிடமும் சத்தியம் வாங்கினார். கத்தி அண்ணன் கையில் இருந்ததால் அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

பேக்கரி அத்தை ஒரு வார்த்தை கேட்காமல் ரேடியோவை அணைத்தார். ஒலிபெருக்கிதான் வழிக்கு வரவில்லை. சொல்லாவிட்டால் தன் வயிறு வெடித்துவிடும் என்றான். அதனால் தெருவில் யாரும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொள்கிற பொறுப்பை அவனிடமே கொடுத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பஸ் வந்தது. அக்கா இறங்கினாள். சோர்ந்துபோயிருந்தாள். பஸ் நிறுத்தத்துக்கே ஏன் வந்தாய் என்று கேட்டாள். வாயைத் திறந்தால் பாட்டு வெளியே குதித்துவிடும் என்று நான் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன்.

தெருவுக்குள் நுழைந்தோம். ஒரு சத்தம் இல்லை. சலூன்கார அண்ணன் எங்களைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பேக்கரி அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்கி அடக்கி அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒலிபெருக்கி உதட்டில் விரலை வைத்தபடி நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தான்.

அக்கா நின்றுவிட்டாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“அப்பாவுக்கு என்னடி ஆச்சு?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எப்போதும் கலகலவென்று இருக்கிற தெரு வாயடைத்து நின்றால், பார்க்கிறவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். என் குரல் நடுங்கியதால் அவள் நம்பவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தாள். அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்து இப்படிக் கதிகலங்க வைத்துவிட்டேனே!

உண்மையைச் சொன்னால் நின்றுவிடுவாள். ஆனால் பாட்டு போய்விடும். சட்டென்று ஒன்று தோன்றியது. முதலிடம் மட்டும்தானே ரகசியம்? மற்ற ஒன்பதும் இல்லையே!

“அண்ணா, பத்தாவது பாட்டைப் பாடுங்க!” என்று கத்தினேன்.

அண்ணன் திருதிருவென்று விழித்தார். அப்புறம் புரிந்துகொண்டு கத்தரிக்கோலைத் தட்டிக்கொண்டு பாடினார். அக்காவின் ஓட்டம் குறைந்தது. ஒரு வீட்டில் கெட்டது நடந்திருந்தால் பக்கத்தில் நின்று இப்படியா பாடுவார்கள்?

“அத்தை, ஒன்பது!”

வெளியில் ஒரு வரிகூடப் பாடாத பேக்கரி அத்தை கண்ணை மூடிக்கொண்டு பாடினார். ஒலிபெருக்கி, நான் சொல்வதற்கு முன்பே எட்டாவது பாட்டு என்று ஒன்றைக் கத்தினான். அது ஐந்தாவது என்றார் அண்ணன். இல்லை, நாலாவது என்று சோப்பு மாமா நுரையோடு வெளியே வந்தார். நடுத்தெருவில் பெரிய வழக்கே நடந்தது.

அக்கா திரும்பி ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

“அடிப்பாவி, முதலிடத்தைச் சொல்லாம வச்சிருக்கீங்களா? எல்லாருமா?”

“எல்லாரும்தான்க்கா.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலிக்கவே இல்லை. பையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டையும் நின்று நின்று கேட்டபடி மெதுவாக நடந்தாள்.

வீட்டில் அம்மா தையல் மிஷினை ஓட்டிக்கொண்டே இரண்டாவது பாட்டைப் பாடினார். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, டிவி மாமாவின் குரலில் ஒரு விளம்பரம் செய்தார். உலகத்திலேயே சிறந்த பிஸ்கட்டாம். ஒன்றுகூட உடையாதாம். அடுக்கியவர் அப்படிப்பட்டவராம்.

“பந்தயம்?” என்றேன்.

“ஓட்டைக்குடை,” என்றாள் அக்கா மெதுவாக.

அப்பா கனைத்துக்கொண்டார். ஆனால் அந்த மாமா குரல் வரவில்லை, சொந்தக் குரல்தான் வந்தது.

“நீ சொன்ன பாட்டுதான்மா முதலிடம். அன்னைக்கு நான் சிரிச்சேன். நீ மட்டும் வேலைக்குப் போகலைன்னா இந்த வீடு என்ன ஆகியிருக்கும்னு தினமும் நினைச்சுக்குவேன். உன்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லை. இப்ப சொல்லிட்டேன்.”

அக்கா அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு ஜன்னலைத் திறந்தாள். கீழே எல்லோரும் மேலே பார்த்தபடி நின்றிருந்தார்கள். ஒலிபெருக்கி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“தெரிஞ்சுபோச்சு. இனிமே பாடலாம்,” என்றாள்.

வாயை அடக்கி வைத்திருந்த தெரு மொத்தமாகப் பாடியது. அண்ணனுக்கு ராகம் சரியில்லை. ஒலிபெருக்கிக்கு வார்த்தைகள் சரியில்லை. ஒரு வரிகூட விடாமல் அக்கா கேட்டுக்கொண்டு நின்றாள்.