பாடையில் ஒரு மாற்று ஆள்

"டேய் தம்பி... எழுந்திருடா! நடிச்சது போதும்!"

பாடையில் படுத்திருந்த பிணம் எழுந்திருக்கவில்லை.

கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

"பாருடா... நெஜப் பொணம் தோத்துப் போச்சு!"

ஆம்பூர். பாலாற்று மணல். 1934ஆம் வருஷத்துச் சித்திரை வெயில். காலை பத்து மணிக்கே மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

பயப்படாதீர்கள். இது நிஜச் சாவு ஊர்வலம் அல்ல. அகில தேசப் பந்தாட்ட சங்கத்துக்கு ஆம்பூர் ஜனங்கள் எடுத்த பொய்ச் சாவு!

ஏன் எடுக்க மாட்டார்கள்?

சங்கத்தின் கௌரவக் காரியதரிசி ராவ்சாகிப் சுந்தரமூர்த்தி. வேலூரில் பங்களா. கல்கத்தாவில் நடக்கும் தேசியப் போட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து போகும் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பவர் அவர்தான்.

எப்படி?

ஒரு மேட்சைக்கூடப் பார்க்காமல்! ஈஸிசேரில் சாய்ந்தபடி!

போன வருஷம் அவர் அறிவித்த டீமில் கோல்கீப்பர் சாமிநாதன். அந்தச் சாமிநாதன் அதற்கு முந்தின மழைக்காலத்திலேயே காலராவில் போய்ச் சேர்ந்திருந்தான்! ஊரே காறித் துப்பியது. கல்கத்தாவுக்குப் புகார் போனது. புகாரை விசாரிக்க கல்கத்தா நியமித்த ஆள் யார் தெரியுமா?

அதே சுந்தரமூர்த்தி!

இந்த வருஷம் அதைவிட மோசம். தோல் கிடங்கில் வேலை பார்க்கும் இருதயராஜ்தான் ஜில்லாவின் சிறந்த ஆட்டக்காரன் என்று பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும். அவனைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் ஒரே மகன் ராமலிங்கத்தின் பேரைப் போட்டார் காரியதரிசி. ராமலிங்கமா? பாவம், பந்து எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுகிற மரியாதைக்காரப் பிள்ளை.

பொறுத்தது போதுமென்று ஜனங்கள் பாடை கட்டிவிட்டார்கள்.

பறை. அதிர்வேட்டு. ஒப்பாரி. பாடையில் காரியதரிசி வேஷத்தில் ஓர் ஆள். முகம் முழுக்க அரிசி மாவு. தாடையைச் சுற்றி நாடிக்கட்டு. கறுப்புக் கோட்டு. ஜரிகைத் தலைப்பாகை.

'காரியதரிசியாகப் பாடையில் படுப்பவர் நமது இருதயராஜ்' என்று ஒரு வாரமாகச் சுவருக்குச் சுவர் நோட்டீஸ்!

ஆனால் இருதயராஜ் பாடையில் இல்லை. கையில் கொள்ளிச் சட்டியோடு பாடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். 'தம்பி எழுந்திரு' என்று கூப்பிட்டவனே அவன்தான்.

"இன்னாடா இவன்... தூங்கிட்டானா?"

சட்டியைக் கீழே வைத்தான். ஒரு குடம் தண்ணீரை வாங்கிப் பிணத்தின் முகத்தில் ஊற்றினான்.

அரிசி மாவு கரைந்து ஓடியது.

கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை.

கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை முகத்தை அடையாளம் கண்டு அலறினாள்.

"ஐயையோ... இது காரியதரிசி மவன் ராமலிங்கமாச்சே!"

---

தர்மாஸ்பத்திரி.

டாக்டர் பிணத்தின் கோட்டைக் கழற்றினார். உடலைக் குப்புறத் திருப்பிப் போட்டார். இன்ஸ்பெக்டர் அப்பாதுரை குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

முதுகில், இடது பக்கம், ஒரு கோணி ஊசி. தோல் மூட்டை தைக்கிற ஊசி. முக்கால்வாசி உள்ளே போயிருந்தது. வழிந்த ரத்தத்தைத் தடித்த கோட்டும் வைக்கோலும் குடித்துவிட்டிருந்தன.

"பாடைக்கு அடியிலிருந்து குத்தியிருக்கான் சார்" என்றார் டாக்டர்.

அப்பாதுரை கதவைச் சாத்தினார்.

"ஊர் என்ன நினைக்குது?"

ஏட்டு காசி மீசையைத் தடவினார். "வெயில்ல மயக்கம் போட்டுச் செத்துட்டான்னு நெனைக்குதுங்க ஐயா."

"அப்படியே நினைக்கட்டும். ஊசி விஷயம் இந்த ரூமைத் தாண்டக் கூடாது. பாடை தூக்கின நாலு பேரையும் வெராந்தாவில் உட்கார வை. யாரும் அசையக் கூடாது. இருதயராஜை உள்ளே அனுப்பு."

இருதயராஜ் வந்தான். ஆறடி உயரம். அந்த ஆறடியும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நீ படுக்க வேண்டிய இடத்தில் அவன் எப்படிடா வந்தான்?"

"அவனாத்தான் சார் வந்தான்... காலையில பாடை கட்டிக்கினு இருந்தோம். அவுங்கப்பா கோட்டு, தலைப்பா எல்லாம் எடுத்துக்கினு வந்து நின்னான். 'அண்ணே, நான் படுக்கறேன்'னான். வேணாம்டா, உங்கப்பாருக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுடுவாருன்னேன்..."

"அதுக்கு?"

இருதயராஜின் உதடு கோணியது.

"'உங்க எடத்துல என் பேரப் போட்டு எங்கப்பா உங்களுக்குத் துரோகம் பண்ணிட்டாரு. எனக்கு ஆடத் தெரியாதுண்ணே. பாடையிலயாவது உங்க எடத்துல நான் படுத்துக்கறேன்'னான் சார்... கொயந்த மாதிரி சிரிச்சான் சார்!"

அப்பாதுரை சட்டென்று கோணி ஊசியை அவன் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இது எங்கே இருக்கும்?"

"எங்க கிடங்குல... சார்... இது... ஐயோ!"

"உன் கிடங்கு ஊசி. நீ கட்டின பாடை. உன் இடத்தைப் பறிச்ச பையன். கோர்ட்டில் இதுக்கு மேல் என்னடா வேணும்? நாளைக்கு ஜில்லா சூப்பிரண்டு வர்றார். அதுக்குள்ள வேற ஆள் சிக்கலைன்னா உன்னைத் தூக்கில் போட்டுடுவாங்க!"

கதவு படாரென்று திறந்தது. 'தூக்கு' என்ற சொல் காதில் விழுந்ததும், இருதயராஜின் மனைவி சவுரியம்மாள் ஏட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். நிறைமாத வயிறு.

"சார்! எங்கூட்டுக்காரு ஒரு கோழி அறுக்கக்கூட கை வராம பக்கத்து வூட்டு பில்கிஸ் புருசனைக் கூப்புடுற மனுசன் சார்! அவரா கொல பண்ணுவாரு? மாதா சத்தியமா இல்ல சார்!"

"கண்ணு முன்னாலதானேம்மா செத்திருக்கான்? ஒரு சத்தம்கூடவா கேட்கலை?"

இருதயராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கேட்டுச்சு சார்."

"என்னது!"

"பெரிய தெரு முனையில பாடைய எறக்கி, திசை மாத்தி, திருப்பித் தூக்குனாங்க. அப்போ... 'ஐயோ அண்ணே'ன்னு கத்துனான் சார். எல்லாரும் 'பொணம் பேசுதுடா'ன்னு கையத் தட்டுனாங்க. கொள்ளிச் சட்டி தூக்குனவன் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. மாதா கோயிலுக்குப் போற வேதக்காரன் நான், எனக்கு இன்னா தெரியும்? அவங்க சொன்ன மாதிரியே நேராப் பாத்துக்கினு நடந்தேன்..."

முகத்தில் அறைந்துகொண்டான்.

"சிரிச்சேன் சார்! அவன் உசுரு போகும்போது நான் சிரிச்சுக்கினே நடந்தேன் சார்!"

சவுரியம்மாள் அவன் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதாள். அப்பாதுரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எத்தனையோ கொலைகாரர்களை அழவைத்தவர் அவர். இந்த அழுகை அந்தக் கணக்கில் சேராது என்று அவருக்கே தோன்றியது.

ஆனால் தோன்றியதை வைத்துக் கோர்ட்டில் என்ன செய்ய முடியும்?

"காசி... இவனுக்கு விலங்கு மாட்டு. நான் வேலூர் போறேன். பெத்தவருக்குச் சொல்லணும்."

---

வேலூர். பங்களா வாசலில் போலீஸ் மோட்டார் நின்றது.

ஆம்பூரிலிருந்து வேறு யாரும் வருவதற்கு முன்னால் வந்துவிட்டார் அப்பாதுரை. வழியெல்லாம் ஒரே யோசனை. எப்படிச் சொல்வது? ஒரே பிள்ளை. தாயில்லாப் பிள்ளை.

ராவ்சாகிப் சுந்தரமூர்த்தி ஈஸிசேரில் சாய்ந்திருந்தார்.

"வாங்க இன்ஸ்பெக்டர்! காப்பி சாப்பிடுறீங்களா? என்னோட கறுப்புக் கோட்டைக் காணோம். சமையல்காரன்தான் திருடியிருப்பான். ஒரு கேஸ் எழுதிக்குங்க."

அப்பாதுரை தொப்பியைக் கழற்றக் கையைத் தூக்கினார்.

"சார்... ஆம்பூர் ஊர்வலத்தில்... ஒரு உயிர் போயிடுச்சு."

"அடடா!" சுந்தரமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இருதயராஜா? பாவம். நல்லா ஆடுவான்னு சொல்வாங்க. நான் பார்த்ததில்லை. ஹூம்... கூட்டத்தில் எவனோ முதுகில் குத்திட்டுப் போனா, போலீஸ்தான் என்ன பண்ண முடியும்?"

அப்பாதுரையின் கை தொப்பி மேலேயே நின்றது.

முதுகில்!

செத்தது யார் என்று அவர் சொல்லவில்லை. எப்படி என்றும் சொல்லவில்லை. குத்து என்ற வார்த்தை அந்த ஆஸ்பத்திரி அறையைத் தாண்டவே இல்லை!

சொல்ல வந்த சேதியை அப்படியே விழுங்கிக்கொண்டார்.

"சார்... நீங்க ஒரு நடை ஆம்பூர் வரணும்."

"நான் எதுக்கு? அவன் பொண்டாட்டி அழுவா, அதைப் பார்க்கவா?"

"சங்கத்து விவகாரத்தில் நடந்த சாவு. காரியதரிசி வந்து பிணத்தை அடையாளம் காட்டினா, கேஸ் சுருக்கமா முடிஞ்சிடும்."

'முடிஞ்சிடும்' என்ற சொல் சுந்தரமூர்த்திக்குப் பிடித்திருந்தது. கிளம்பிவிட்டார்.

மோட்டார் மாதனூர் தாண்டியது. வழி நெடுக அவர்தான் பேசிக்கொண்டு வந்தார்.

"என் பையன் ராமலிங்கம் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கான். அடுத்த வாரம் கல்கத்தா போறான். அம்மா இல்லாத பிள்ளை சார். அவனை ஒரு உயரத்தில் பார்த்துட்டா எனக்குப் போதும். இந்த இருதயராஜ் விசாரணை, புகார்னு குறுக்கே நின்னுக்கிட்டே இருந்தான். இனிமே ஒரு தொல்லையும் இல்லை."

"பையன் ஆடி நீங்க பார்த்திருக்கீங்களா சார்?"

"எங்கே சார் நேரம்? அப்பா, ஒரு நாள் மைதானத்துக்கு வாங்கன்னு கெஞ்சுவான். கல்கத்தாவில் பார்த்துக்கலாம்டான்னு சொல்லியிருக்கேன்."

கொலைகாரன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று அப்பாதுரைக்குத் தெரியும். இருந்தும் அந்த ஆள்மேல் பரிதாபம் வந்து தொலைத்தது!

---

ஆஸ்பத்திரி வெராந்தா.

சுந்தரமூர்த்தி கைத்தடியை ஊன்றிப் படியேறினார். ஏறியவர் உறைந்து நின்றார்.

எதிரே, கையில் விலங்கோடு, உயிரோடு...

இருதயராஜ்!

"நீ... நீயா! நீ எப்படிடா இங்கே...?"

இருதயராஜ் அவரைப் பார்த்தான். விலங்கு மாட்டிய கைகளைத் தூக்கிக் கும்பிட்டான்.

"அப்போ... உள்ளே யாரு?"

"நீங்கதான் சார் அடையாளம் காட்டணும்" என்றார் அப்பாதுரை.

கைத்தடி விழுந்தது. சுந்தரமூர்த்தி உள்ளே ஓடினார். மேஜை மேல் வெள்ளைத் துணி. கால் பக்கத்தில் மடித்து வைத்த கறுப்புக் கோட்டு.

காணாமல் போன கோட்டு!

துணியை விலக்கினார்.

காதோரம் இன்னும் கொஞ்சம் அரிசி மாவு ஒட்டியிருந்தது.

"ராமூ...!"

அந்தக் கூக்குரல் வாசல் வரை கேட்டது. காலையில் அவருடைய பாடைக்கு மாரடித்துக் கேலி ஒப்பாரி வைத்த அதே பெண்கள் இப்போது முந்தானையைக் கடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதார்கள்.

கொஞ்ச நேரம் மகனை உலுக்கினார். தலையைக் கோதினார். பிறகு பைத்தியம் பிடித்தவர்போல வெராந்தாவுக்கு ஓடிவந்தார். வரிசையாக உட்கார்ந்திருந்த நாலு பேரில் கடைசி ஆள்மேல் பாய்ந்து சட்டையைப் பிடித்தார்.

கொக்கி முனியன். வேலூர்த் தோல் கிடங்கின் சுண்ணாம்புக் குழியிலிருந்து கொக்கியால் தோல் இழுக்கிற கூலி. பாடை தூக்க ஆள் போதவில்லை என்றபோது, 'நான் வர்றேன்' என்று பாதி வழியில் தோள் கொடுத்த புண்ணியவான்!

"பாவி! படுபாவி! நான் உன்னை இருதயராஜைத்தானேடா குத்தச் சொன்னேன்!"

சொல்லிவிட்டார். போலீஸ் முன்னால், ஊர் முன்னால், அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்! அது அவருக்கே தெரியவில்லை. முனியனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "என் பிள்ளையைக் குடுடா... குடுடா..." என்று விம்மிக்கொண்டிருந்தார்.

முனியன் மிரள மிரள விழித்தான்.

"சாமி... பாடையில படுத்திருக்கறவன முடிச்சுடுன்னுதானே சொன்னீங்க? நான் வந்து தோள் குடுக்கும்போதே மூஞ்சி பூரா மாவு. அந்த இருதயராஜ நான் முன்னப்பின்ன பாத்ததே இல்ல. கோட்டைப் பாத்து நீங்களோன்னுகூட ஒரு நிமிசம் பேஜாராப் போச்சு சாமி!"

அப்பாதுரை கண்ணைக் காட்டினார். இருதயராஜின் விலங்கு கழன்றது. கழன்ற விலங்கு ராவ்சாகிப்பின் கைக்குப் போனது. அவர் தடுக்கவில்லை. எதைப் பூட்டுகிறார்கள் என்று பார்க்கக்கூட இல்லை.

சவுரியம்மாள் புருஷனின் கையைப் பிடித்தாள். "வா... வூட்டுக்குப் போலாம்."

"நீ போம்மே. நான் வர மாட்டேன்."

இருதயராஜ் உள்ளே போனான். பையனின் கண்களை மெல்ல மூடினான். அவிழ்ந்துபோன நாடிக்கட்டைச் சரியாகக் கட்டினான்.

"பாடை கட்டணும் ஏட்டய்யா. அப்பாருதான் கொள்ளி போட முடியாதே... நானே சட்டி தூக்கறேன். தம்பிய விட்டுட்டு முன்னால போக மாட்டேன். திரும்பித் திரும்பிப் பாத்துக்கினுதான் நடப்பேன். எவன் இன்னா சொன்னாலும் சரி."

சுந்தரமூர்த்தியை மோட்டாரில் ஏற்றினார்கள். போகும் வரை ஒரே புலம்பல். "என் பிள்ளைன்னு தெரியாதே... தெரியாமப் போச்சே..."

மோட்டார் கிளப்பிய புழுதி அடங்கியது. ஏட்டு காசி தொப்பியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்திலும் அவருடைய வாய் சும்மா இருக்கவில்லை.

"சங்கத்து வழக்கம் மாறல பாத்தீங்களா ஐயா... சாகறதுக்குக்கூட ஆளைப் பாக்காமலேதான் எடுத்திருக்காரு!"