இரண்டு புள்ளித் துப்பாக்கி

அன்று விட்மோர் கம்பெனி அருங்காட்சியகத் திறப்பு விழாவில் இருந்தவர்கள்:

மேனேஜர் நரோனா. கோட்டு போட்டிருந்தார். வியர்த்துக்கொண்டும் இருந்தார்.

இன்ஸ்பெக்டர் அன்னபாக்கியம். பந்தோபஸ்துக்கு வந்தவர். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

பூதத்தான் காணி. மலைவாழ் காணி இனத்தவர், வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர். வாசலிலேயே நிறுத்தப்பட்டிருந்தார்.

பேச்சி. அம்பாசமுத்திரத்தில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவள். அழைப்பிதழ் இல்லாமல் வந்தவள்.

மந்திரம். பேச்சியின் தம்பி. மினிபஸ் டிரைவர். கேக்குக்காக வந்தவன்.

இவர்கள் போக, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துப்பாக்கி. அதன் மேல் ஒரு செத்த மனிதரின் படம்.

அந்த மனிதர் குருபாத ஆசாரி. பேச்சியின் கொள்ளுத்தாத்தா. வீட்டில் 'பூட்டன்' என்றுதான் சொல்வார்கள். படத்துக்குக் கீழே பித்தளைப் பலகையில் இப்படி இருந்தது: 'விட்மோர் துரை கண்டுபிடித்த முதல் கழற்று துப்பாக்கி. எஸ்டேட் கூலியாள் குருபாதம் இதன் போல்ட்டைத் திருடிக்கொண்டு இலங்கைக்கு ஓடிவிட்டான்.'

'ஓடிவிட்டான்.' பித்தளையில் வெட்டியிருந்தார்கள், இன்னும் நூறு வருஷம் நிற்கட்டும் என்று.

துப்பாக்கி நல்ல வேலைதான். குழல் தனி, கட்டை தனி, போல்ட் தனி. ஸ்பேனர் வேண்டாம், ஸ்குரூ டிரைவர் வேண்டாம். ஒரு கொக்கியைத் தட்டினால் மூன்றாகப் பிரியும். குதிரைச் சேணப் பெட்டியில் அடங்கும். மானுக்கு ஒரு குழல், காட்டெருமைக்கு ஒரு குழல் என்று மாற்றிக்கொள்ளலாம். இந்த மாதிரியை வைத்துத்தான் விட்மோர் கம்பெனி சீமையில் ஆயிரக்கணக்கில் துப்பாக்கி விற்றது.

போல்ட் என்பது பின்பக்கம் முன்னும் பின்னும் ஓடும் இரும்புத் தண்டு. குண்டை உள்ளே தள்ளிப் பூட்டுவது அதுதான். அது இல்லையென்றால் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய். பெட்டிக்குள் இருந்தது அந்த வெறும் குழாய்தான்.

"இந்தப் பலகையக் கழட்டுங்க" என்றாள் பேச்சி. நாடா வெட்டக் கத்தரிக்கோல் எடுத்த நரோனாவின் கை நின்றது.

"யாரும்மா நீ?"

"நீங்க திருடன்னு எழுதியிருக்கவரோட கொள்ளுப்பேத்தி. துப்பாக்கியச் செஞ்சதே அவருதான். எம் மவ அஞ்சாம் வகுப்பு படிக்கா. பள்ளிக்கூடத்துல இருந்து சுற்றுலான்னு இங்கனதான் கூட்டிட்டு வருவாவ. அத்தன பிள்ளைகளுக்கு முன்னால இதத்தான் அவ வாசிக்கணுமா?"

நரோனா சிரித்தார். கூட வந்த கம்பெனி ஆட்களும் சிரித்தார்கள்.

"எஸ்டேட்ல டீ மெஷினுக்கு எண்ணெய் போட்ட ஆளு துப்பாக்கி செஞ்சாரா? அத்தாட்சி என்னம்மா? ஒண்ணு பண்ணு. அந்த போல்ட்டக் கொண்டு வா. இந்தத் துப்பாக்கில மாட்டிக் காட்டு. பலகைய நானே என் கையால கழட்றேன்!"

"இன்ஸ்பெக்டரம்மா, கேட்டுக்கிட்டீங்கள்லா?" என்றாள் பேச்சி.

"கேட்டேன்" என்றார் அன்னபாக்கியம்.

பேச்சி கண்ணாடியில் முகத்தை ஒட்டி ஒருமுறை பார்த்தாள். குழலின் அடியில், கட்டையோடு சேரும் இடத்தில், இரண்டு புள்ளிகள் அடித்திருந்தன. பக்கத்தில் நின்ற கம்பெனி ஆளிடம் என்னவென்று கேட்டாள். அலங்காரம் என்றான் அவன்.

அலங்காரமாம்! பேச்சியின் வீட்டில் அருவாள் அடித்தாலும் புள்ளி உண்டு. முதலில் செய்ததற்கு ஒரு புள்ளி, அடுத்ததற்கு இரண்டு. புதிதாக ஒரு சாமானைச் செய்தால் முதல் உருப்படியை விற்கக் கூடாது. அது குலசாமிக்கு. இரண்டாவதுதான் கேட்டவனுக்கு.

அப்படியானால் துரைக்குக் கிடைத்தது இரண்டாவது. முதல் துப்பாக்கி எங்கே?

வாசலில் வைத்து அவள் இதைத் தம்பியிடம் சொன்னபோது பூதத்தான் குறுக்கிட்டார்.

"தங்கச்சி, மேல கடுக்காய் மலையில ஆசாரி அளைன்னு ஒரு குகை உண்டு. உள்ள ஒரு மாடன். எங்க சனம் வருஷத்துக்கு ஒருக்கா போயி வெளக்குப் போடும். ஏன் ஆசாரின்னு பேருன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல."

பேச்சி அவரையே பார்த்தாள். "எங்க குலசாமியும் மாடந்தான் அண்ணாச்சி. வீட்டுல படம் மட்டும் இருக்கு. கோயில் எங்கன இருக்குன்னு எங்க அப்பாவுக்கே தெரியாது."

"குலசாமி கும்பிடன்னு மனு குடுத்தா வனத்துறையில ஒருநாள் பாஸ் குடுப்பாவ. விடிஞ்சதும் ஏறி, இருட்டுறதுக்குள்ள எறங்கிரணும். நான் கூட வாரேன்."

பாஸ் கிடைத்தது. செக்போஸ்டில் பூதத்தான் மூன்றே விஷயங்கள் சொன்னார்.

"சத்தம் போடாதிய. ஆனையப் பாத்தா ஓடாதிய, நான் சொல்லும்போது மட்டும் ஓடுங்க. அளைக்கு மேல மலந்தேனீ கூடு தொங்குது. வாசனையா எதுவும் பூசிட்டு வரலியே?"

மந்திரம் வானத்தைப் பார்த்தான்.

"ஏல, சென்ட் அடிச்சிருக்கியா?" என்றாள் பேச்சி.

"சாமி கும்பிடப் போறோம்லாக்கா. கொஞ்சூண்டுதான்."

"காட்டுக்குள்ள எவ ஒன்ன மோந்து பாக்கப் போறா, மூதி!"

ஆற்றைக் கடந்தார்கள். முழங்கால் தண்ணீர்தான், ஆனால் இழுப்பு அதிகம். மறுகரையில் ஈத்தை மூங்கில் காடு. அதற்குள் ஒருமுறை பூதத்தான் கையை உயர்த்தினார். எல்லோரும் கல்லானார்கள். முன்னால் ஈத்தை முறியும் சத்தம். ஒரு பெரிய சாம்பல் நிற முதுகு அசைந்தது. காற்று திரும்பட்டும் என்று காத்தார் பூதத்தான். திரும்பியது. "இப்ப!" என்றார். ஓடினார்கள்!

பிறகு பாறை. செங்குத்தாக நின்றது. பூதத்தான் ஏறிக் கயிற்றைப் போட்டார். பேச்சி உள்ளங்கை தோல் உரிய ஏறினாள். மந்திரம் பாதி ஏறியபோது மேலே ஒரு ரீங்காரம் கேட்டது. முதலில் ஒரு தேனீ. பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை.

"சட்டையக் கழட்டி எறியும்வே!" என்று கத்தினார் பூதத்தான்.

மந்திரம் ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சட்டையைக் கிழித்து வீசினான். சென்ட் மணத்தோடு சட்டை கீழே பறந்தது. கருப்பு மேகம் அதன் பின்னால் இறங்கியது. அவனுக்குக் கிடைத்தது நாலு கொட்டுதான். ஒன்று உதட்டில். அதன் பிறகு அவன் அதிகம் பேசவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

அளை வாசலில் ஒரு கல் நட்டிருந்தது.

"இது யாருக்கு?" என்றாள் பேச்சி.

"ஒரு கொல்லனுக்குன்னு சொல்லுவாவ. தன் பேரப் போடலன்னு கீழ வெள்ளக்காரன்கிட்ட மல்லுக்கு நின்னுட்டு ஏறி வந்தவராம். எங்க சனத்துக்குக் கத்தி அடிச்சுக் குடுத்து இங்கனயே இருந்திருக்காரு. காய்ச்சல்ல போயிட்டாரு."

இலங்கைக்கு ஓடியவர் இங்கே கிடந்தார், தன் ஊரிலிருந்து ஒரு பகல் நடை தூரத்தில். பேச்சி அழவில்லை. கல்லின் மேல் கிடந்த சருகைத் தட்டிவிட்டாள். உள்ளே போனாள்.

உள்ளே வௌவால் நாற்றம். மாடன் பீடம். அதைச் சுற்றி அருவாள், ஈட்டி, சங்கிலி என்று காணிக்கை இரும்பு குவிந்து கிடந்தது. எல்லாவற்றிலும் எண்ணெய் மினுங்கியது. வருஷத்துக்கு ஒருமுறை காணிகள் பூசுவது. டார்ச் அடித்துத் தேடினார்கள். துப்பாக்கி இல்லை. குவியலைப் புரட்டினார்கள். இல்லை. மூலைகளில் தேடினார்கள். இல்லவே இல்லை!

"எறங்கணும் தங்கச்சி. மேல மழ கட்டுது. ஆத்துல தண்ணி வந்துரும்" என்றார் பூதத்தான்.

"யக்கா, போவோம்" என்றான் மந்திரம் வீங்கிய உதட்டோடு.

நரோனாவின் சிரிப்பு பேச்சியின் காதில் கேட்டது. வெறுங்கையோடு இறங்கினால் அந்தப் பித்தளை அங்கேயேதான் இருக்கும். சரி, வந்ததற்குக் கும்பிட்டாவது போவோம் என்று சூடம் கொளுத்தினாள். மேலே தொங்கிய மணியின் கயிற்றை இழுத்தாள்.

டொக்.

மணி இப்படியா அடிக்கும்? இன்னொரு முறை இழுத்தாள். டொக். டார்ச்சை மணிக்குள் அடித்துப் பார்த்தாள். நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் விரல் தடிமனில் ஓர் இரும்புத் தண்டு தொங்கியது. பக்கவாட்டில் வளைந்த கைப்பிடி. கைப்பிடி முனையில் உருண்டை.

"ஏலேய்!" என்று கத்தினாள். வௌவால்கள் பறந்தன. "போல்ட்டு!"

உடனே திரும்பி மாடனின் கையைப் பார்த்தாள். சாமியின் வல்லய ஈட்டி என்று எல்லோரும் நினைத்துக் கும்பிட்ட தண்டு உள்ளே துளையாக இருந்தது. அதன் நுனியில் இலை வடிவத் தகடு செருகியிருந்தது. அதுதான் குழல். அடியில் தடவினாள். ஒரே ஒரு புள்ளி. பீடத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த மரம்தான் அதன் கட்டை, விளக்கு தொங்கிய தண்டுதான் அதன் போல்ட்.

குருபாத ஆசாரி ஒளித்து வைக்கவே இல்லை. தனித்தனியாகப் பிரித்து எல்லோர் கண் முன்னாலும் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர் செய்த துப்பாக்கியின் குணமே அதுதானே!

பேச்சி போல்ட்டை அவிழ்த்துத் துடைத்தாள். அதில் இரண்டு புள்ளிகள். துரையின் துப்பாக்கிக்குரியது. தன் பேரைப் போட மறுத்த துரை தன் துப்பாக்கியால் சுடக் கூடாது என்று ஆசாரி பிடுங்கிக்கொண்டு வந்தது.

"தங்கச்சி, அது துப்பாக்கி சாமான். கீழ கொண்டுபோனா கேசு" என்றார் பூதத்தான்.

"கேசு வரட்டும். நீங்க பாக்கலன்னு சொல்லிருங்க அண்ணாச்சி."

"பாத்தேனே. கேட்டா பாத்தேன்னுதான் சொல்லுவேன். பொய்யி வராது."

"அப்பம் சொல்லுங்க."

குழலை எடுக்கவில்லை. செல்போனில் படம் மட்டும் எடுத்தாள். முதலாவது சாமியுடையது, அது அங்கேயே இருக்கட்டும். ஆனால் மாடன் மணி ஊமையாக இருக்கக் கூடாதே. பையிலிருந்து தன் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து மணிக்குள் கட்டினாள். இழுத்துப் பார்த்தாள். டங்! மலையே கேட்டிருக்கும்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஆறு இடுப்புக்கு மேல் ஏறி, செம்மண் நிறத்தில் உருண்டது. மரத்தில் கயிறு கட்டிக்கொண்டு பூதத்தான் முதலில் போனார். பேச்சி போல்ட்டைக் கொண்டைக்குள் செருகி முடிந்துகொண்டாள். நடு ஆற்றில் ஒரு மரக்கட்டை வந்து மோதியது. கால் போயிற்று! தண்ணீர் தலைக்கு மேல்! கயிறு மட்டும் கையில். மந்திரம் பின்னாலிருந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தான்.

"கொண்டையப் பிடில! என்ன எதுக்குப் பிடிக்க!" என்று தண்ணீரைத் துப்பிக்கொண்டே கத்தினாள் பேச்சி.

கரையேறிக் கொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

சீமையிலிருந்து கம்பெனி முதலாளிகள் அருங்காட்சியகத்தைப் பார்க்க வந்த நாளன்று பேச்சி மறுபடி உள்ளே நுழைந்தாள். அன்றும் பந்தோபஸ்து அன்னபாக்கியம்தான். நரோனா அவள் கையிலிருந்த போல்ட்டைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"பெட்டியத் தெறங்க" என்றாள் பேச்சி.

"இப்ப கெஸ்ட் இருக்காங்க..."

"சொன்ன சொல்லு இருக்குல்லா சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "நானும் கேட்டேனே."

பெட்டி திறந்தது. பேச்சி போல்ட்டைப் பின்புறம் வைத்துத் தள்ளினாள். எண்ணெய் போட்டாற்போல் ஓடியது. கைப்பிடியை மடக்கினாள். டக். பூட்டிக்கொண்டது. இத்தனை வருஷம் பிரிந்து கிடந்தது, மயிரிழை பிசகவில்லை. பிறகு ஒற்றைப் புள்ளிக் குழலின் படத்தை எல்லோருக்கும் காட்டினாள். முதலாவது அவருடைய சாமிக்கு, இரண்டாவது உங்கள் துரைக்கு என்றாள்.

அன்னபாக்கியம் பெட்டியை நெருங்கினார்.

"இது இப்ப சுடுமா?"

"குண்டு போட்டா சுடும் மேடம்."

"நேத்து வரைக்கும் இது காட்சிப் பொருளு. இப்ப இது துப்பாக்கி. லைசென்ஸ் யாருகிட்ட இருக்கு?" இன்ஸ்பெக்டர் திரும்பினார். "மிஸ்டர் நரோனா, இது உங்க கம்பெனி துப்பாக்கிதானே?"

நரோனா முதலாளிகளைப் பார்த்தார். முதலாளிகள் சுவரைப் பார்த்தார்கள்.

"இல்ல மேடம்! இத எங்க கம்பெனி செய்யல. இது அந்த ஆசாரி செஞ்சது. அவரோடதுதான். எங்களுக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது."

"அப்படியே எழுதிக்கிடவா?"

"எழுதிக்கோங்க! குருபாத ஆசாரி செஞ்சதுன்னே எழுதிக்கோங்க!"

ஒரு பொருளை யார் செய்தது என்று சண்டை வந்தால், வழக்கு வரும்வரை காத்திருந்தால் போதும். செய்யாதவன் முதலில் ஓடுவான்.

"அப்ப இப்போ யாருது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"யக்கா, வாயத் தொறக்காத" என்றான் மந்திரம்.

"எங்களுது" என்றாள் பேச்சி. "எங்க பூட்டன் செஞ்சது. போல்ட்ட மலையில இருந்து கொண்டு வந்ததும் நாந்தான். அதையும் எழுதுங்க." பிறகு நரோனாவிடம் ஸ்குரூ டிரைவரை நீட்டினாள். "பலகை சார்."

அவரே கழற்றினார். நாலு ஸ்குரூ. கடைசி ஸ்குரூ துருப்பிடித்ததுபோல் முரண்டியது. யாரும் உதவவில்லை.

ஸ்டேஷனில் பெண்கள் லாக்கப் காலியாக இருந்தது. மந்திரம் வாசலில் கையைப் பிசைந்தான்.

"மருமவ கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"அம்ம துப்பாக்கி கேசுல உள்ள இருக்கான்னு சொல்லு. பூட்டன் செஞ்ச துப்பாக்கின்னு சேத்துச் சொல்லு. போ."

"நாளைக்கே ஜாமீன் கெடச்சுரும்" என்றார் அன்னபாக்கியம். "எனக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டிருப்பேனேம்மா."

"அந்த வார்த்தைய எங்க பூட்டன் சொல்லியிருந்தா, அவரும் மலையேறியிருக்க வேண்டாம் மேடம்."

பேச்சி உள்ளே போனாள். ஏட்டம்மா கம்பிக் கதவைச் சாத்திச் சாவியைப் போட்டுத் திருகினார். திரும்பவில்லை. மறுபடி திருகினார். பூட்டு சிக்கிக்கொண்டது.

"கதவக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுத் திருப்புங்கக்கா" என்றாள் உள்ளேயிருந்து பேச்சி. "கீலு எறங்கியிருக்கு."

ஏட்டம்மா தூக்கிப் பிடித்துத் திருப்பினார். பூட்டிக்கொண்டது.