திரிகால மணி அடித்த பீரங்கி

உறைபனி பெய்த காலையில் பீரங்கி தொட்டால் சில்லென்றிருக்க வேண்டும். பவேரியப் படைத்தளபதி ஒட்மார் கையுறையைக் கழற்றி அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தார். தூங்கும் மாட்டின் வயிறு மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஏதோ மெல்ல ரீங்கரித்தது. வெயில் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒரு வாரமாக வெயிலே இல்லை.

ஆல்டென்ரோட் ஊரைப் பிடித்து எரித்த பின், அதன் கோயில் மணியை உருக்கி வார்த்த பீரங்கி அது. பிடிபட்ட ஊரின் மணி பீரங்கிப் படைக்குச் சொந்தம் என்பது போர் வழக்கம். கத்தோலிக்கத் திருச்சபையை விட்டுப் பிரிந்த பதிதர்களின் மணிதானே என்று, உருக்க அவர் தயங்கவேயில்லை. அது பதிதம் பிறப்பதற்கும் முந்தியது, நம் ஆயரே திருமுழுக்குக் கொடுத்து மரியா என்று பெயர் வைத்தது என்று, படையோடு வந்த குரு கிலியன் அதன் விளிம்பிலிருந்த எழுத்துகளைக் காட்டினார். அதற்குள் பாதி மணி உலையில் உருகிவிட்டது.

இப்போது முற்றுகையிட்டிருக்கும் கோட்டையின் சுவரை இடிக்க இது ஒன்றுதான் கதி. இன்றைக்குள் சுவர் விழாவிட்டால் பசித்த படை கலைந்துவிடும். ஆனால் திரியைப் பக்கத்தில் கொண்டுபோகும்போதெல்லாம் பீரங்கி, காலை, நண்பகல், மாலை ஜெபத்துக்குக் கோயிலில் அடிக்கிற திரிகால மணியை அடித்தது. அந்த மணி கேட்டால் கத்தோலிக்கச் சிப்பாய் தொப்பியைக் கழற்றி முழங்காலிட்டு ஜெபம் சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து ஒரு குண்டுகூடப் போகவில்லை.

"உள்ள யாரோ இருக்காங்கய்யா," என்றான் பீரங்கிக்காரன் வெய்ட். "கயிறு இழுக்குற மாதிரி கேக்குது."

ஆல்டென்ரோட் எரிந்த அன்று கோபுரத்துக்குள் ஓடி ஒளிந்தவர்கள், கயிறு எரிந்து அறும்வரை அந்த மணியை அடித்துக்கொண்டேயிருந்தார்கள். கதவை வெளியே தாழிடச் சொன்னவர் ஒட்மார்தான்.

பீரங்கியைப் புதைத்துவிட்டுப் பூசை வைக்கலாம் என்று கிலியன் கெஞ்சினார். ஒட்மாருக்குப் பயம்தான். பயந்தது தெரிந்துவிடுமோ என்ற கோபம் அதைவிடப் பெரிது.

"செத்தவன் மணியடிச்சா நான் மண்டி போடணுமா, சாமி? அதுக்கு வேற ஆளப் பாருங்க."

படை முழுவதும் பார்க்க, வலக்கையைத் தோள்வரை பீரங்கியின் வாய்க்குள் விட்டார். நாற்றம் அடித்தது. வெடிமருந்து நாற்றமல்ல, முடி கருகும் நாற்றம். விரல்களை நீட்டித் துழாவினார். வெண்கலம். வழவழப்பு. வெறும் இருட்டு.

அப்புறம் ஒரு கை. சின்னக் கை.

அது அவர் மணிக்கட்டைப் பிடித்தது. அதற்கு மேல் இன்னொன்று. இன்னும் ஒன்று. கயிற்றைப் பிடிக்கிற மாதிரி.

இழுத்தன. விட்டன. இழுத்தன.

"சுடுடா" என்று கத்த வாயைத் திறந்தார். வாயிலிருந்து மணிச் சத்தம் வந்தது.

வெய்ட் திரியைச் சேற்றில் போட்டுத் தொப்பியைக் கழற்றினான். வரிசை வரிசையாகப் படை முழங்காலிட்டது. ஜெபம் முடிந்ததும் சிலுவை போட்டு எழுந்து, கோயில் விட்டு வீடு திரும்புகிறவர்களாய் ஒவ்வொருவராக நடந்தார்கள். கிலியனும் போனார். ஒட்மார் அவர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொரு கூப்பாடும் மணியாக அடித்தது.

கடைசி ஆளும் மறைந்தான். தோளில் பனி ஏறியது. உள்ளே புதிது புதிதாகக் கைகள் சேர்ந்துகொண்டேயிருந்தன.

இழுத்தன. விட்டன.

அவர் முழங்கால் மட்டும் மடங்கவில்லை.